வேலையில்லாத மாதங்களில் மனசுக்கு ஒத்த வேலை தேடுவது எப்படி? நெல்லைச் சீமைக் கலைக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வரையத் தெரிந்தவர், பாட்டுக் கட்டத் தெரிந்தவர், படம் பிடிக்கத் தெரிந்தவர், தையலில் கை வந்தவர் என்று யாராக இருந்தாலும் சரி. வேலை போய் வீட்டில் இருக்கும்போது தெருவில் எதிர்ப்படும் கேள்வி ஒன்றுதான்: "இப்ப என்னடே செய்யுத?" ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கூச்சத்தில்தான் பலர் கிடைத்த வேலையில் போய் விழுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதுவும் ஒட்டாமல் மறுபடி வீட்டுக்கு வருகிறார்கள்.

இந்த வழிகாட்டியின் அடிப்படை இதுதான். உங்கள் கை எந்த நேரத்தில் தன்னை மறந்து வேலை செய்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த நேரத்துக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் காசு கொடுப்பார் என்று பாருங்கள். அவரிடம் ஒரு சின்ன வேலையை வாங்கி, காசு வாங்கிச் செய்துபாருங்கள். மொத்தம் தொண்ணூறு நாள் ஒதுக்குங்கள்.

எத்தனை மாதம் தாங்கும்?

முதல் நாள் செய்ய வேண்டியது கணக்கு. கையிலும் வங்கியிலும் உள்ள பணத்தை எழுதுங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் பங்கு, கடன் தவணை, போன் ரீசார்ஜ், பஸ் செலவு, மருந்து என்று மாதச் செலவைத் தனியே எழுதுங்கள். கையில் 24,000 ரூபாய், மாதச் செலவு 6,000 என்றால் நான்கு மாதம். அதில் ஒரு மாதத்தைக் கழித்துவிடுங்கள். நம் பக்கம் மொய் எழுதாமல் ஒரு முகூர்த்த மாதம் கடக்காது. அந்தச் செலவை யாரும் முன்கூட்டி எழுதுவதில்லை. ஆக உங்களுக்கு இருப்பது மூன்று மாதம்.

இரண்டு மாதத்துக்கும் குறைவாக இருந்தால் முதலில் அரைநாள் வேலை ஒன்று பிடியுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் எந்த வேலை என்பதில் கவனம் வேண்டும். காலை முதல் இரவு வரை நிற்கவேண்டிய ஜவுளிக்கடை வேலையில் சேர்ந்தால், இரவு வீட்டுக்கு வந்ததும் உடம்பு சாயத்தான் கேட்கும், பென்சிலைத் தொடாது. டிடிபி சென்டர், ஸ்டுடியோ, அச்சகம், பள்ளி நூலகம் போன்ற இடங்களில் அரைநாள் இருந்தால் சம்பளம் குறைவு. ஆனால் யார் என்ன ஆர்டர் கொடுக்கிறார், எவ்வளவு கொடுக்கிறார், எங்கே சண்டை வருகிறது என்பதெல்லாம் இலவசமாகத் தெரியவரும்.

இந்தக் கட்டத்தில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: நகையை அடகு வைத்து கேமராவோ லேப்டாப்போ வாங்குவது. காசு கொடுத்த மூன்று ஆர்டர் முடியும் வரை வாடகைக்கு எடுங்கள், இரவல் வாங்குங்கள். கருவி வந்த பிறகு வேலை வரும் என்று வாங்கியவர்களின் கேமராக்கள்தான் பாதி விலைக்கு விற்பனைக்கு வருகின்றன.

வேலைவாய்ப்புப் பதிவு: ஒரு நாள் வேலை, தள்ளிப்போடாதீர்கள்

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இணையதளத்திலேயே செய்துவிடலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பதிவுமூப்பு போய்விடும். புதுப்பிக்கும் மாதத்தை வீட்டுக் காலண்டரிலேயே எழுதிவையுங்கள்.

வேலையில்லாதவர்களுக்கான தமிழக அரசின் உதவித்தொகை பத்தாம் வகுப்புத் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிவு செய்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு வரை கிடைக்கும். பொறியியல் போன்ற தொழிற்கல்விப் பட்டம் பெற்றவர்களுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் கூடுதல், காத்திருப்பும் ஓராண்டுதான். இந்தத் தொகையை நம்பி மாதத்தை ஓட்ட முடியாது. ஆனாலும் ஐந்தாண்டுக் கணக்கு பதிவு செய்த நாளில்தான் தொடங்குகிறது என்பதால் இன்றே பதிந்துவிடுங்கள்.

டிஎன்பிஎஸ்சி படிப்பையும் கலைத்தேடலையும் ஒரே நேரத்தில் அரைகுறையாக நடத்தாதீர்கள். இரண்டும் காலை நேரத்தின் முழுக் கவனத்தைக் கேட்பவை. தேர்வுதான் என்று முடிவு செய்தால் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் சேர்ந்து முழுமூச்சாகப் படியுங்கள். இந்தத் தொண்ணூறு நாளை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பதினான்கு நாள் நோட்டு

"எனக்கு என்ன பிடிக்கும்?" என்று உட்கார்ந்து யோசித்தால் விடை கிடைக்காது. ஒரு நாற்பது பக்க நோட்டில் பதினான்கு நாள் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: இன்று கையால் என்ன செய்தேன், எவ்வளவு நேரம் போனைத் தொடாமல் இருந்தேன், எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது.

அலுப்புத் தட்டிய இடம்தான் முக்கியம். ஒரு பத்தமடைப் பாயை எடுத்துப் பாருங்கள். கோரையை அறுத்துக் காயவைப்பது ஒரு வேலை. அதைக் கீறி, ஆற்று நீரில் ஊறவைத்து இழையாக்குவது ஒரு வேலை. சாயம் ஏற்றுவது இன்னொன்று. தறியில் உட்கார்ந்து இழை இழையாகக் கோத்து அடிப்பது நாள்கணக்கில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பக் கேட்கும் வேலை. ஓரத்தில் எந்தக் கட்டம், நடுவில் எந்த எழுத்து என்று தீர்மானிப்பது வேறொரு மூளை. முடிந்த பாயைத் துணிபோல் மடித்துக் காட்டி, பிளாஸ்டிக் பாய் விலை கேட்கும் வாடிக்கையாளருக்கு இதன் விலையைப் புரியவைப்பது முற்றிலும் வேறு திறமை. "எனக்குப் பாய் பிடிக்கும்" என்று ஒருவர் சொன்னால் இந்த ஆறில் எது என்று கேட்க வேண்டும்.

உங்கள் கலையையும் இப்படிப் பிரித்து எழுதுங்கள். கரு யோசிப்பது, முதல் கோடு, திருத்தம், ஒரே மாதிரி இருபது பிரதி செய்வது, ஆளிடம் பேசுவது, நேரத்துக்கு முடித்துக் கொடுப்பது. பதினான்காம் நாள் நோட்டைப் புரட்டினால் இரண்டு பகுதியில் உங்கள் நேரம் பறந்திருக்கும், ஒன்றில் நகராமல் நின்றிருக்கும். ஒரே மாதிரி இருபது செய்வது அலுக்கும் ஒருவர் கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டும் வேலைக்குப் போனால், கலை வேலையாகவே இருந்தாலும் மூன்றாம் வாரம் ஓடிவிடுவார். ஆளிடம் பேசப் பிடிக்காதவர் கல்யாண போட்டோவில் நிலைக்க மாட்டார், எடிட்டிங்கில் நிலைப்பார்.

பதினான்கு நாளும் எதையும் செய்யவே தோன்றவில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அது சோம்பல் இல்லை. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலோ 104-லோ தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. நோட்டை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஊரின் நாட்காட்டியில் காசு எங்கே இருக்கிறது?

இங்கே கலைக்கான காசு மாதச் சம்பளமாக இருப்பது குறைவு. பருவம் பருவமாக வருகிறது. அது தெரியாமல் ஐப்பசியில் சுவர் ஓவிய வேலை தேடி அலைபவர், ஊரில் கலைக்கு மதிப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்.

தை பிறந்ததும் கல்யாணமும் பள்ளி ஆண்டு விழாவும்: மேடைப் பின்னணி, நடன உடை, அழைப்பிதழ், வீடியோ. பங்குனி உத்திரத்துக்கு வெளியூரில் இருக்கிற குடும்பங்கள் எல்லாம் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேரும். குலதெய்வக் கோயில்களுக்கு வண்ணம் பூசுவதும் பெயர்ப்பலகை எழுதுவதும் அதற்கு முந்தைய வாரங்களில். சித்திரை, வைகாசி, பிறகு ஆடி கொடைக்காலம், அதாவது ஊர்த் தெய்வங்களுக்குத் திருவிழா எடுக்கும் காலம்: வில்லிசை, கணியான் கூத்து, நையாண்டி மேளம், கரகம், நோட்டீஸ், பந்தல் அலங்காரம். ஏப்ரல், மே பள்ளிச் சுவர்களின் காலம், ஜூனில் பள்ளி திறக்கும் முன் முடியவேண்டும். ஆனியில் நெல்லையப்பர் தேர், ஆடியில் சங்கரன்கோவில் தபசு, ஆகஸ்ட் 5-இல் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா. புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா. கிரீடம், சடைமுடி, காளிக்குக் கூடுதல் கைகள் என்று வேஷச் சாமான் செய்பவருக்கு இதுவே பெரிய அறுவடை, ஆனால் ஆர்டரைப் பல வாரம் முன்பே பிடித்திருக்க வேண்டும். மார்கழியில் பாளையங்கோட்டையிலும் கடலோர ஊர்களிலும் கிறிஸ்துமஸ் குடிலும் நட்சத்திரமும்.

மழையையும் இதே தாளில் குறியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வெளிச்சுவர் வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் ஆனி, ஆடியிலும் சாரல் உண்டு. திருநெல்வேலி டவுனில் சுள்ளென்று வெயில் அடிக்கும் அதே நாளில் அங்கே சுவர் ஈரமாக இருக்கும்.

இன்றைய தேதியிலிருந்து அறுபது முதல் தொண்ணூறு நாள் தள்ளி என்ன வருகிறது என்று பாருங்கள். நீங்கள் இப்போது கேட்கவேண்டியது அந்த வேலையைத்தான்.

மூன்றே மாதிரி

முப்பது படம் வைத்த ஆல்பத்தை யாரும் புரட்டுவதில்லை. மூன்று போதும், ஆனால் மூன்றும் இந்த ஊர்த் தேவைக்குச் செய்ததாக இருக்க வேண்டும். நோட்டீஸ் வடிவமைப்பு உங்கள் வழி என்றால், போன வருடத்துக் கொடை நோட்டீஸ் ஒன்றை எடுத்து அதையே புதிதாகச் செய்யுங்கள்.

கொடை நோட்டீஸ் எளிது என்று நினைப்பவர் முதல் முறையே மாட்டிக்கொள்வார். மேலே பிள்ளையார் சுழி, சுவாமி பெயர், ஊர். பிறகு கால்நாட்டு, குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்று நிகழ்ச்சி வரிசை, தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும். வில்லிசைக் குழு, மேளக்குழு பெயர். கீழே வரிதாரர்கள் (கொடைக்கு வரி கொடுக்கும் குடும்பத்தார்), விழாக் குழு, நன்கொடையாளர். அழகு மேல்பாதியில் இருக்கிறது, சண்டை முழுக்கக் கீழ்ப்பாதியில். யார் பெயர் முதலில், யாருக்கு இனிஷியல் விட்டுப்போனது, யார் பெயருக்கு எழுத்து சின்னது என்பதற்காக அச்சடித்த ஆயிரம் நோட்டீஸ் கட்டோடு திரும்பி வரும். பெயர் வரிசையை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். குழு எழுதிக் கொடுத்த தாளை அப்படியே வைத்திருங்கள். புரூஃபை, அதாவது சரிபார்க்கும் மாதிரியை, தாளில் அச்செடுத்து, ஒருவரைப் பெயர் பெயராக வாசிக்கச் சொல்லி, அடியில் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் "ஓகே" போதாது. சின்னத் திரையில் யாரும் இனிஷியலைப் பார்ப்பதில்லை.

இன்னொரு பிழை எழுத்துருவில் வரும். வாட்ஸ்அப்பில் வருவது யூனிகோடு. அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான். மாற்றும்போது 'ஸ்ரீ' உடையும், கொம்பும் காலும் இடம் மாறும், புள்ளி காணாமல் போகும். அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்தை வளைகோடுகளாக மாற்றி, நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டுமிச்சம் விட்டு, நான்குவண்ண முறையில் பிடிஎஃப் எடுங்கள். படங்கள் 300 டிபிஐ இருக்க வேண்டும். போனில் வந்த பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கினால் முகம் கட்டம்கட்டமாகத் தெரியும்.

விலை சொல்வது: ஒரு பள்ளிச் சுவர்

விலை தெரியாமல் தலையாட்டுவதுதான் பிடித்த வேலையையும் வெறுக்கவைக்கிறது. 20 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் ஒன்றைக் கணக்கிடுவோம். 200 சதுர அடி.

முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். புதிதாகப் பூசிய சிமெண்ட் என்றால் 28 நாளாவது ஆறியிருக்க வேண்டும். அதற்கு முன் பூசினால் சிமெண்டின் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும், சிவப்பும் நீலமும் திட்டுத்திட்டாக வெளுக்கும். கைவைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டினால் உப்புப் பூத்திருக்கிறது. ஈரம் எங்கிருந்தோ வருகிறது. பெரும்பாலும் பின்பக்கக் குழாயடி, அல்லது மேலே உடைந்த தண்ணீர்க்குழாய். அதைச் சரிசெய்யாமல் வரையவே வரையாதீர்கள். ஆறு மாதத்தில் வள்ளுவர் முகம் பொரிந்து உதிரும்போது, ஈரத்தை யாரும் குறைசொல்ல மாட்டார்கள், உங்களைத்தான் சொல்வார்கள்.

சுவர் நல்லதென்றால் பிரைமர் ஒரு கை அடிக்க 2 லிட்டர், வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கை அடிக்க 4 லிட்டர் பிடிக்கும். சொரசொரப்பான சுவர் கால் பங்கு கூடுதலாகக் குடிக்கும். வண்ணங்களுக்குச் சின்ன டப்பாக்களும் ஸ்டெய்னரும் (பெயிண்டில் நிறத்துக்காகக் கலக்கும் சாயம்). ஸ்டெய்னரை அளவுக்கு மீறி ஊற்றி அடர்த்தி கொண்டுவரப் பார்க்காதீர்கள். காயாது, மழையில் வழியும். அடர் சிவப்பும் அடர் நீலமும் வேண்டுமென்றால் அந்த நிறத்திலேயே டப்பா வாங்குவதுதான் வழி. பிரைமர் காய நான்கு முதல் ஆறு மணி நேரம். சித்திரை வெயிலில் உச்சிவேளையில் அடித்தால் தூரிகைத் தடம் அப்படியே காய்ந்து நிற்கும். காலை பத்துக்குள், மாலை நாலுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு: சுத்தம், பிரைமர் ஒரு நாள், அடிவண்ணம் ஒரு நாள், கட்டம் போட்டுப் படத்தைச் சுவருக்கு ஏற்றுவது ஒரு நாள், வரைவது நான்கு நாள், கடைசித் திருத்தம் ஒரு நாள். மொத்தம் எட்டு. பொருள் 3,500 ரூபாய், உங்கள் நாள்கூலி 1,000 என்றால் 8,000, உதவியாள் மூன்று நாளுக்கு 2,100, ஏணி வாடகையும் வண்டிச் செலவும் 900. கூட்டினால் 14,500. எதிர்பாராததற்கு 15 சதவீதம், அதாவது 2,175. ஆக 16,675. சதுர அடிக்குச் சுமார் 83 ரூபாய். இவை மாதிரிக் கணக்குதான். உங்கள் ஊர்க் கூலியையும் கடை விலையையும் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள்.

"சதுர அடிக்கு அறுபதுதான் தருவோம்" என்றால் கூலியைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். ஆறு உருவத்துக்குப் பதில் மூன்று, நிழல் வேலைப்பாட்டுக்குப் பதில் தட்டையான நிறம், நான்கு நாள் இரண்டரை நாளாகும். அதை அவர்கள் முன்னாலேயே தாளில் எழுதிக் காட்டுங்கள்.

கேட்பதும், காசை வாங்குவதும்

வாரத்துக்குப் பத்துப் பேரை நேரில் பாருங்கள். கடைக்காரரை வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில் பார்க்காதீர்கள். காலை பதினொரு மணிக்கு மேல் ஓய்வாக இருப்பார். இப்படிப் பேசலாம்:

"அண்ணாச்சி, நான் தெற்குத் தெருப் பையன், படம் வரைவேன், எழுத்து எழுதுவேன். உங்க ஷட்டர்ல எழுத்து வெளுத்துப் போயிருக்கு. புதுசா எழுதினா எப்படி இருக்கும்னு ஒரு மாதிரி போட்டுக் கொண்டாந்திருக்கேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

"எவ்வளவுடே ஆகும்?"

"அளந்து பாத்துட்டுச் சாயங்காலம் எழுதிக் கொண்டாரேன், அண்ணாச்சி."

கடைசி வரிதான் உயிர். நின்ற இடத்தில் வாயில் வந்த விலையைச் சொன்னால் அதற்கு மேல் ஏற்ற முடியாது. மாலையில் தாளோடு போகும்போது நீங்கள் சொன்ன சொல் தவறாதவர் என்றும் பதிந்துவிடும்.

பாதிப் பணம் முன்பணம், திருத்தம் இரண்டு முறை, அதற்குமேல் தனிக்கட்டணம், முடித்த நாளில் மீதி. இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள். சொந்தக்காரர் வேலை என்றாலும் பொருள் செலவை முன்பே வாங்கிவிடுங்கள். "மாமா, பெயிண்ட் காசு மட்டும் குடுத்துருங்க" என்று கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

சிறு தொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் அட்டையும் போதும். குறு, சிறு தொழிலாகப் பதிந்தவருக்கு நிறுவனங்கள் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியோடு கேட்டு இணையத்தில் புகார் அளிக்கலாம். பதிவு வேலைக்கு முன்பே இருக்க வேண்டும்.

உரிமை விஷயத்தில் பலர் ஏமாறும் இடம் இது: ஓவியமோ புகைப்படமோ காசு வாங்கி ஒருவர் கேட்டபடி செய்து கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் கேட்டவர்தான். அந்தப் படத்தையே காலண்டரிலும் பையிலும் போட்டு நீங்கள் விற்க நினைத்தால், உரிமை உங்களிடமே இருக்கும் என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு எழுதுபவர் நிலை வேறு. சம்பளத்துக்கு எழுதாதவரை உரிமை எழுதியவருடையது. அந்த உரிமையை வேறொருவருக்கு எழுத்தில் கொடுத்து, காலம் குறிப்பிடாமல் விட்டால் ஐந்தாண்டு என்று கொள்ளப்படும்.

படிப்பும் கடனும்

ஆசிரியப் பணி ஒத்துவரும் என்று நோட்டு காட்டினால், ஓவியத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் லோயர், ஹையர் இரண்டையும் முடித்துத் தொழிலாசிரியர் பயிற்சிக்குப் போவது பழைய, உறுதியான வழி. 25 வயதுக்குள் இசையில் இருப்பவருக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதசுரம், தவில், தேவாரம் உள்ளிட்டவற்றில் மூன்றாண்டுப் படிப்பு உண்டு. கொடைக் கலைகளைச் சேகரிப்பதிலும் எழுதுவதிலும் மனம் போனால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையை எட்டிப் பாருங்கள். கிராமியக் கலைஞர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகிவிட வேண்டும்.

கடன் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம். சிறப்புப் பிரிவினருக்கு 25, 35. பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவார்கள். காசு கொடுத்த மூன்று ஆர்டரின் ரசீது கையில் வந்த பிறகு போங்கள். வங்கி மேலாளர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்த ரசீதுதான் பதில்.

தொண்ணூறாம் நாள்

நோட்டை எடுத்து நான்கு எண்ணை எழுதுங்கள். எத்தனை பேரைப் பார்த்தேன், எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை வேலைக்கு முழுக் காசு வந்தது, அதில் எத்தனை பேர் திரும்ப அழைத்தார்கள்.

நூறு பேரைப் பார்த்தும் விலை கேட்டவர் ஐந்துக்குக் குறைவு என்றால் மாதிரி சரியில்லை, அல்லது பருவம் தவறிவிட்டது; நாட்காட்டித் தாளுக்குத் திரும்புங்கள். விலை கேட்டுவிட்டுப் போனவர்கள் அதிகம் என்றால் கணக்குத் தாளைக் காட்டாமல் வாயால் விலை சொல்லியிருப்பீர்கள். வேலை வந்தது, காசும் வந்தது, ஆனால் செய்யும்போது மனம் ஒட்டவில்லை என்றால், எந்தப் பகுதியில் ஒட்டவில்லை என்று பதினான்கு நாள் நோட்டோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அலுப்பு என்று அன்றே எழுதிய அதே பகுதியாக இருக்கும். அதை மட்டும் வேறொருவருக்குக் கூலி கொடுத்துச் செய்யவைக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அடுத்த கொட்டேஷனில் அந்தக் கூலியையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒருவராவது திரும்ப அழைத்திருந்தால், அடுத்த தொண்ணூறு நாளை அவரிடமிருந்து தொடங்குங்கள். அவரைப் போல இன்னும் யாருக்கு இந்த வேலை தேவைப்படும் என்று அவரிடமே கேட்டு, மூன்று பெயர் வாங்கிக்கொண்டு வாருங்கள்.